இஎஸ்பி32 வைஃபையில் இணையவில்லையா? எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்

மேசை மேல் வைத்துப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. அதே இஎஸ்பி32 போர்டை (வைஃபை வசதியுள்ள குட்டிக் கணினிப் பலகை) மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் மாட்டியதும், போர்டு அனுப்பும் எழுத்தைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் புள்ளி புள்ளியாக ஓடுகிறது. நிற்கவே இல்லை. இந்த இடத்தில் புதிதாக வருகிறவர்கள் முதலில் கோடில் கை வைப்பார்கள். லைப்ரரியை மாற்றுவார்கள், வேறொருவர் எழுதிய கோடை எடுத்து ஒட்டுவார்கள், கடைசியில் போர்டே பழுது என்று இன்னொன்று வாங்குவார்கள். அந்தப் புதுப் போர்டும் அதே இடத்தில் அப்படியே நிற்கும்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் முதலில் குழாயைக் கழற்றுவதில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். இங்கேயும் அதே வழிதான். மின்சாரம், ரேடியோ அலை, பெயரும் கடவுச்சொல்லும், ஐபி முகவரி, சர்வர் என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் தொடர்பு கிடைக்கிறது. எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழ்ப்படி சரியில்லாமல் மேல்படியைத் தட்டிக்கொண்டிருப்பதில்தான் நாள்கணக்கில் நேரம் போகிறது.

இங்கே நான் பேசுவது இஎஸ்பி32, இஎஸ்பி8266 போர்டுகளையும், அவற்றுக்குக் கோடு எழுதி ஏற்றும் மென்பொருளான ஆர்டுயினோ ஐடிஇயையும் வைத்து. கட்டளைப் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். ஐடிஇயில் அவற்றுக்குரிய ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் போர்டைப் பேச வையுங்கள்

புள்ளி எதையும் சொல்லாது. எல்லா மாதிரிக் கோடிலும் "இணையும் வரை ஒரு புள்ளி அச்சிடு" என்று ஒரு வரி இருக்கும். அந்தப் புள்ளிக்குப் பதிலாக வைஃபை.ஸ்டேட்டஸ் தரும் எண்ணை அச்சிடுங்கள். இஎஸ்பி32-இல் 1 வந்தால், நீங்கள் கொடுத்த பெயரில் வைஃபையே கண்ணில் படவில்லை. 3 என்றால் இணைந்துவிட்டது. 4 இணைப்பு தோல்வி. 5 இருந்த இணைப்பு அறுந்தது. 6 இணையவில்லை. இஎஸ்பி8266-இல் 6 என்றால் கடவுச்சொல் தவறு, 7 என்றால்தான் இணையவில்லை. இந்த ஒரு வித்தியாசம் பலரைக் குழப்பியிருக்கிறது.

இஎஸ்பி32 வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. டூல்ஸ் மெனுவில் "கோர் டிபக் லெவல்" என்று ஒன்று இருக்கும். அதை "டிபக்" அல்லது "வெர்போஸ்" என்று மாற்றி மறுபடி ஏற்றினால், தொடர்பு ஒவ்வொரு முறை அறும்போதும் "ரீசன்" என்று ஓர் எண் வரும். 201 என்றால் அந்தப் பெயரில் ரவுட்டர் இல்லை. 15 அல்லது 204 என்றால் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் கைகுலுக்கல் பாதியில் நின்றது, பெரும்பாலும் கடவுச்சொல் தவறு. 202 என்றால் ரவுட்டர் உள்ளே விடவில்லை. 200 என்றால் இணைந்த பிறகு ரவுட்டரின் குரல் கேட்கவில்லை, அதாவது சிக்னல் பலவீனம். இந்த எண்ணை ஒரு தாளில் குறித்துவையுங்கள். யாரிடமாவது உதவி கேட்கப் போனாலும் இந்த எண்ணோடு போனால் உடனே பதில் கிடைக்கும்.

சீரியல் மானிட்டரில் வெறும் குப்பை எழுத்துகள் வருகின்றனவா? வேகத்தை 115200 என்று வையுங்கள். இஎஸ்பி8266-இன் முதல் சில வரிகள் மட்டும் 74880 வேகத்தில் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

முதல் படி: மின்சாரம்

வைஃபை தகராறு என்று என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் வைஃபை தகராறே இல்லை. மின்சாரத் தகராறு. அதனால் இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

சும்மா இருக்கும்போது இஎஸ்பி32 சில பத்து மில்லி ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் வைஃபையில் அனுப்பத் தொடங்கும் அந்த நொடியில் 240 மில்லி ஆம்பியர் அளவுக்குத் தாவும். அதனால்தான் குறைந்தது 500 மில்லி ஆம்பியர் தரக்கூடிய சப்ளை வேண்டும் என்று எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் டேட்டாஷீட் சொல்கிறது. எல்இடி எரிகிறதே, சென்சார் வாசிக்கிறதே என்று நினைத்து ஏமாறக் கூடாது. அந்தத் தாவலைத் தாங்கினால்தான் சப்ளை சரி.

தாங்காவிட்டால் போர்டு தானே ரீசெட் ஆகும். சீரியலில் "பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் டிரிக்கர்ட்" என்று ஒரு வரி வரும். மின்னழுத்தம் சரிந்ததைப் போர்டின் காவல் கண்டுகொண்டது என்று பொருள். வைஃபை.பிகின் கட்டளைக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் இந்த வரி வந்தால் சந்தேகமே வேண்டாம். சில நேரம் இந்த வரி வராமலே ரேடியோ மட்டும் தடுமாறும். அது இன்னும் தொல்லை.

எங்கே மின்சாரம் குறைகிறது? பெரும்பாலும் யுஎஸ்பி கேபிளில். சார்ஜருடன் வரும் மெல்லிய நீளக் கேபிளில் 5 வோல்ட் உள்ளே போனால் அந்தப் பக்கம் குறைந்துதான் வரும். போர்டில் உள்ள ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டருக்கு உள்ளே வரும் மின்னழுத்தம், வெளியே தரவேண்டிய 3.3 வோல்ட்டைவிடச் சுமார் 1.1 வோல்ட் அதிகமாக இருக்க வேண்டும். 4.4-க்குக் கீழே போனால் அதனால் 3.3-ஐப் பிடித்து நிற்க முடியாது. மல்டிமீட்டரை எடுத்துப் போர்டின் 5 வோல்ட் பின்னில் வைத்துப் பாருங்கள், அதுவும் வைஃபை ஓடும்போது. ஆனால் மீட்டர் காட்டுவது சராசரி. கண்ணிமைக்கும் நேரத்துச் சரிவு அதில் தெரியாது. மீட்டரில் 4.5 என்று வந்தாலே உண்மையில் அதைவிடக் கீழே போய் வருகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இஎஸ்பி8266-இன் சின்ன வடிவமான இஎஸ்பி-01 வைத்திருப்பவர்கள் அதை யுஎஸ்பி-சீரியல் அடாப்டரின் 3.3 வோல்ட் பின்னிலிருந்தோ ஆர்டுயினோ ஊனோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்தோ ஓட்டப் பார்ப்பார்கள். அந்த அடாப்டர்கள் பலவற்றில் இருக்கும் எஃப்டி232 சிப்பின் 3.3 வோல்ட் பின் 50 மில்லி ஆம்பியர்தான் தரும். ஊனோவுக்கும் அதே அளவுதான் சொல்லப்பட்டிருக்கிறது. இஎஸ்பி8266 அனுப்பும்போது 170 வரை கேட்கும். நடக்காத காரியம்.

செய்ய வேண்டியது: குட்டையான, தடித்த கேபிள். 1 ஆம்பியருக்குக் குறையாத நல்ல அடாப்டர். போர்டின் 3.3 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 470 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், அதன் கால்களைப் போர்டுக்கு ஒட்டினாற்போல் வைத்து. கெப்பாசிட்டரின் மைனஸ் கோடு போட்ட கால் கிரவுண்டுக்கு. மாற்றிப் போட்டால் வெடிக்கும், கவனம்.

சந்தேகம் தீர ஒரு சோதனை: வைஃபை.பிகின் கட்டளைக்கு அடுத்த வரியில் வைஃபை.செட்டிஎக்ஸ்பவர் கட்டளையால் அனுப்பும் சக்தியை 8.5 டிபிஎம் ஆகக் குறையுங்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இப்போது இணைந்தால் சப்ளைதான் காரணம் என்பது ஏறக்குறைய உறுதி. மிகச் சிறிய இஎஸ்பி32-சி3 போர்டுகள் சிலவற்றில் ஆன்டெனா பொருத்தம் சரியில்லாமலும் இதே அறிகுறி வரும். அவற்றுக்குச் சக்தியைக் குறைத்தே ஓட்டுவதுதான் மருந்து.

பிரவுன்அவுட் காவலையே அணைத்துவிடச் சொல்லும் ஒரு வரிக் கோடு எங்கும் உலவுகிறது. தயவுசெய்து அதைப் போடாதீர்கள். புகை வருகிறது என்று மணியடிக்கும் கருவியின் பேட்டரியைக் கழற்றுவது போன்ற வேலை அது. மின்சாரக் குறை அப்படியே இருக்கும், அது வேறு விதமாக, ஃபிளாஷ் நினைவகத்தைக் கெடுத்தும்கூட, வெளிப்படும்.

இரண்டாம் படி: ரவுட்டர் கண்ணில் படுகிறதா

எக்ஸாம்பிள்ஸ் பட்டியலில் வைஃபை என்பதன் கீழே "வைஃபைஸ்கேன்" என்று ஒரு மாதிரிக் கோடு தயாராக இருக்கிறது. அதை ஏற்றுங்கள். சுற்றியுள்ள எல்லா வைஃபை பெயர்களும் சிக்னல் அளவோடு வரும்.

பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் வருகிறது, உங்களுடையது மட்டும் இல்லையா? அப்போது பெரும்பாலும் உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடுகிறது. இஎஸ்பி8266, முதல் இஎஸ்பி32, எஸ்3, சி3 எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் கேட்கும். குடும்பத்தில் 5 கிகாஹெர்ட்ஸும் கேட்கிற சிப் சி5. ரவுட்டர் அமைப்பில் 2.4-ஐ இயக்கி, அதற்குத் தனிப் பெயர் வையுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ரவுட்டரே தேர்ந்தெடுக்கும் வசதி போனுக்கு நல்லது, இந்தக் குட்டிப் போர்டுக்குத் தலைவலி. போன் ஹாட்ஸ்பாட்டில் சோதிப்பவர்கள் ஆண்ட்ராய்டில் 2.4 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஐபோனில் "மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி" என்பதை இயக்க வேண்டும்.

பெயர் வருகிறது, ஆனால் சிக்னல் குறைவு என்றால் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 50 அருமை. மைனஸ் 70 வரை நம்பலாம். மைனஸ் 80-ஐத் தாண்டினால் இணைவதும் அறுவதுமாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டுத் தொட்டி சென்சார் ஒரு வாரம் எனக்குப் பிடிபடாத ஆட்டம் காட்டியது. ராத்திரி முழுக்க ஒழுங்காக அளவு அனுப்பும். காலையில் மோட்டார் போட்டு முடித்ததும் காணாமல் போகும். மோட்டாரின் மின் இரைச்சல் என்று நினைத்து அதன் பின்னாலேயே அலைந்தேன். ஒவ்வொரு அளவோடும் சிக்னல் எண்ணையும் சேர்த்து அனுப்ப வைத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. தொட்டி கால்வாசி இருக்கும்போது மைனஸ் 71. நிறைய நிறைய மைனஸ் 76, மைனஸ் 80, மைனஸ் 84, அப்புறம் மௌனம். பெட்டியை மாட்டியிருந்தது தொட்டியின் தெற்குப் பக்கம், ரவுட்டர் இருப்பது வடக்குப் பக்க அறை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். காலித் தொட்டி வெறும் பிளாஸ்டிக், அலை ஊடே போகும். நிறைந்த தொட்டி ஒரு சுவர். பெட்டியைக் கழற்றி வடக்குப் பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே மாட்டினேன். ஒரு வரிக் கோடுகூட மாற்றவில்லை. இன்றுவரை நிற்கவில்லை.

அதனால் சிக்னல் எண்ணை எப்போதும் உடன் அனுப்புங்கள். வைஃபை.ஆர்எஸ்எஸ்ஐ என்ற ஒரே கட்டளைதான்.

போர்டை இரும்புப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். போர்டின் ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் செம்புக் கோடுதான் ஆன்டெனா. அதன் பக்கத்தில் பேட்டரியோ, வயர் கட்டோ, திருகோ இருக்கக் கூடாது. இஎஸ்பி32-கேம் போர்டில் வெளி ஆன்டெனா மாட்டினால் மட்டும் போதாது. அங்கே இருக்கும் பொடி ரெசிஸ்டரை இடம் மாற்றி சால்டர் செய்தால்தான் வெளி ஆன்டெனா வேலை செய்யும்.

மூன்றாம் படி: பெயரும் கடவுச்சொல்லும்

பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு. கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலும் வேறு பெயர்தான். ஐபோன் ஹாட்ஸ்பாட் பெயரில் வரும் மேற்கோள் குறி வளைந்த குறி. கீபோர்டில் நாம் தட்டுவது நேர்க்குறி. கண்ணுக்கு ஒன்று, போர்டுக்கு வேறு. போனின் பெயரை மாற்றி அந்தக் குறியையே எடுத்துவிடுவது சுலபம்.

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பெயருக்கு 32 பைட்தான் இடம். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும், மேலே வைக்கும் புள்ளிக்கும், ஒவ்வொரு துணைக்குறிக்கும் தனித்தனியே 3 பைட் ஆகும். "எங்கள் வீடு" என்பது 31 பைட். இன்னும் ஓர் எழுத்துக்குக்கூட இடமில்லை. தாராளமாக வையுங்கள், அளவு தெரிந்து வையுங்கள்.

ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் இஎஸ்பி8266 உள்ளே போகாது. டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றுங்கள். கல்லூரி, அலுவலக வைஃபையில் ஆளுக்கொரு பயனர்பெயர் கேட்கும் என்றால் சாதாரண வைஃபை.பிகின் போதாது, என்டர்பிரைஸ் முறைக்கான மாதிரிக் கோடைப் பாருங்கள். பிரவுசரில் பக்கம் திறந்து ஓடிபி கேட்கும் இலவச வைஃபையில் போர்டு இணைந்ததாகக் காட்டும், ஒன்றும் வெளியே போகாது. அங்கே மெனக்கெட வேண்டாம், போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள்.

நான்காம் படி: ஐபி முகவரி

வைஃபை.லோக்கல்ஐபி அச்சிடுங்கள். 0.0.0.0 என்று வந்தால் ரவுட்டர் முகவரி தரவில்லை. ரவுட்டரில் மேக் ஃபில்டர் (குறித்த கருவிகளை மட்டும் விடும் வடிகட்டி) இருக்கிறதா, முகவரிகள் தீர்ந்துவிட்டனவா என்று பாருங்கள். நீங்களே நிலையான முகவரி கொடுத்திருந்தால் தற்காலிகமாக அதை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். அப்படிக் கொடுக்கும்போது டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) முகவரியைக் கொடுக்க மறப்பவர்கள் நிறையப் பேர்.

முகவரி கிடைத்துவிட்டது, போர்டு காட்டும் பக்கம் போனில் திறக்கவில்லையா? போன் அதே வைஃபையில்தான் இருக்கிறதா, மொபைல் டேட்டாவிலா என்று முதலில் பாருங்கள். போர்டை கெஸ்ட் வைஃபையில் சேர்த்திருந்தால், அங்கே ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்துவைக்கும். பதில் வருகிறது ஆனால் இழுத்து இழுத்து வருகிறது என்றால் வைஃபை.செட்ஸ்லீப் கட்டளைக்கு "ஃபால்ஸ்" கொடுங்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க ரேடியோ நடுநடுவே தூங்குவதுதான் அந்த இழுவைக்குக் காரணம்.

ஐந்தாம் படி: சர்வர்

வீட்டு லேப்டாப்பில் சர்வர் வைத்திருப்பவர்கள் கோடில் "லோக்கல்ஹோஸ்ட்" என்று எழுதிவிடுவார்கள். போர்டுக்கு அது போர்டையேதான் குறிக்கும். லேப்டாப்பின் 192.168 என்று தொடங்கும் முகவரியைப் போடுங்கள். சர்வர் கேட்கும் போர்ட் எண்ணை விண்டோஸ் ஃபயர்வால் திறந்துவிடுகிறதா என்றும் பாருங்கள்.

கருவிகள் சிறு செய்திகளைப் பரிமாறும் முறையான எம்க்யூடிடிக்கு மாஸ்கிட்டோ என்ற சர்வர் மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்களா? 2020 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து, அமைப்புக் கோப்பில் எதுவும் எழுதாவிட்டால் அது அந்தக் கணினிக்குள் மட்டுமே கேட்கும். வெளியிலிருந்து வரும் போர்டை ஏற்காது. பழைய பாடங்களைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். அமைப்புக் கோப்பில் "லிஸனர் 1883" என்று ஒரு வரி சேர்த்து, பயனர்பெயர், கடவுச்சொல் அமைத்து, மாஸ்கிட்டோவை மறுபடி தொடங்குங்கள்.

இரண்டு போர்டுகளில் ஒரே கோடை ஏற்றினால் இரண்டும் மாறி மாறி அறுந்துகொண்டிருக்கும். கிளையன்ட் ஐடி, அதாவது சர்வரிடம் போர்டு சொல்லும் பெயர், ஒன்றாக இருப்பதுதான் காரணம். புதிதாக வருபவரை உள்ளே விட்டு, அதே பெயரில் இருந்தவரை வெளியே தள்ளுவது எம்க்யூடிடியின் விதி. ஐடியின் கடைசியில் போர்டுக்குப் போர்டு வேறுபடும் மேக் முகவரியைச் சேர்த்தால் தீர்ந்தது. கோடில் 30 நொடி டிலே போட்டிருந்தாலும் அறும். எம்க்யூடிடிக்குப் பலரும் பயன்படுத்தும் பப்சப்கிளையன்ட் லைப்ரரி 15 நொடிக்கொருமுறை உயிரோடு இருப்பதாகச் சொல்ல வேண்டும், டிலேயில் நிற்கும்போது அதற்கு வாய் திறக்க முடியாது. நீளமான செய்தி மட்டும் போகவில்லை என்றால், அதே லைப்ரரியின் பஃபர் வெறும் 256 பைட் என்பதை நினைவில் வையுங்கள். செட்பஃபர்சைஸ் கட்டளையால் கூட்டலாம்.

சாதாரண இணைப்பு ஓடுகிறது, பாதுகாப்பான இணைப்பு மட்டும் தோற்கிறதா? நேரத்தைப் பாருங்கள். மின்சாரம் வந்ததும் போர்டு தன்னை 1970 ஜனவரி 1-இல் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. சர்வரின் சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்கவே இல்லை. கான்ஃபிக்டைம் கட்டளையால் முதலில் நேரம் வாங்கி, வந்துவிட்டதா என்று சரிபார்த்த பிறகே சர்வரிடம் போங்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொடுக்க வேண்டிய வித்தியாசம் 19800 நொடி. கோடில் சான்றிதழை ஒட்டுவதானால் தளங்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பின் ரூட் சான்றிதழை ஒட்டுங்கள், அந்தத் தளத்தினுடையதை அல்ல. ரூட்டுக்கும் ஆயுள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற ரூட் சான்றிதழ் காலாவதியானபோது, அதுவரை ஓடிய எத்தனையோ பழைய கருவிகள் ஒரே நாளில் ஊமையாயின.

இடையில் ஒன்று. வைஃபை இணைந்ததும் மண் ஈரச் சென்சாரோ பேட்டரி அளவோ தாறுமாறாக வந்தால் அதை எந்தப் பின்னில் மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். முதல் இஎஸ்பி32-இல் 0, 2, 4, 12 முதல் 15, 25 முதல் 27 வரையிலான பின்கள் ஏடிசி2 என்ற அனலாக் வாசிப்புப் பகுதியைச் சேர்ந்தவை. வைஃபை ஓடும்போது அவற்றில் அனலாக் வாசிக்க முடியாது. 32 முதல் 39 வரை உள்ள ஒன்றுக்கு மாற்றுங்கள்.

கடைசிப் படி: கரண்ட் போய் வந்த பிறகு

மேசையில் ஜெயித்த கருவி மாடியில் தோற்கும் இன்னொரு இடம் இது. கரண்ட் வந்ததும் போர்டு ஒரு நொடியில் எழுந்துவிடும். ரவுட்டர் எழுந்து ஃபைபர் பிடித்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடும் செட்டப் பகுதியில் 20 முறை முயன்றுவிட்டு விட்டுவிடும் கோடு, அதற்குள் முயற்சியை முடித்துக்கொண்டு நாள் முழுக்கச் சும்மா கிடக்கும். யாராவது மாடியேறிப் போய் ரீசெட் அழுத்த வேண்டும்.

இணைக்கும் வேலையைத் திரும்பத் திரும்ப ஓடும் லூப் பகுதிக்குக் கொண்டுவாருங்கள். இணைப்பு இல்லை என்றால் ஓடிய நேரத்தைச் சொல்லும் மில்லிஸ் கட்டளையை வைத்து 30 நொடிக்கொருமுறை முயலட்டும். நடுவில் சென்சார் வாசிப்பதும் நடக்கட்டும். 10 நிமிடம் ஆகியும் கிடைக்கவில்லை என்றால் இஎஸ்பி.ரீஸ்டார்ட் செய்யட்டும். கூடவே மீதமுள்ள நினைவகத்தை இஎஸ்பி.கெட்ஃப்ரீஹீப் மூலம் சிக்னல் எண்ணோடு அனுப்புங்கள். அந்த எண் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனால், சில நாளில் நிற்கப்போகிறது என்று முன்னாலேயே தெரிந்துவிடும்.

மாட்டுவதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்துவிடுங்கள். ரவுட்டரை மட்டும் அணைத்து 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். அப்புறம் மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் எழுப்புங்கள். கடைசியாக ரவுட்டரை விட்டுவைத்து, அதில் வரும் இணையக் கேபிளை மட்டும் உருவிவிட்டுத் திரும்பச் சொருகுங்கள். மூன்று முறையும் யாரும் தொடாமல் அளவு திரும்ப வந்தால், பெட்டியை மூடித் திருகைப் பூட்டலாம்.